கிள்ளினால் வருவதும் வராததும்

(போச்சம்பள்ளியில் ஒரு ஞாயிறு மாலை, தோல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை சந்தை நாளாயிற்றே, கூட்டத்துக்கு யார் வருவார்கள் என்று அமைப்பாளர்களிடம் கேட்டேன். சந்தைக்கு வந்தவர்கள் பையோடு அப்படியே வந்து உட்காருவார்கள் என்றார்கள். உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்வரிசையில் சிப்காட் சீருடையோடு சில தங்கைகளும் தெரிகிறார்கள். 2021-இல் ஓலா நிறுவனம் பெண்களே நடத்தும் ஸ்கூட்டர் ஆலை என்று இந்த ஊரை உலகத்துக்கு அறிவித்தபோது, பெண்கள் கையில் சம்பளம் வரப்போகிறது என்று எல்லோரும் எழுதினார்கள். அந்தச் சம்பளத்தைத் தேடி யார் யார் வருவார்கள் என்பதை யாரும் எழுதவில்லை. நகைச்சீட்டுக்காரர் வந்தார், தவணைக்கடை வந்தது, இப்போது இடுப்புச் சதையைக் கரைத்துத் தருகிறேன் என்பவரும் வந்துவிட்டார்.

கத்தி இல்லை, தையல் இல்லை, மயக்க ஊசி இல்லை. உடம்பில் ஓரிடத்தில் மட்டும் தங்கிவிட்ட கொழுப்பைக் குறைக்கிறோம் என்கிறார்கள். குளிரவைத்துச் செய்வது, சூடாக்கிச் செய்வது, ஊசி போட்டுச் செய்வது என்று மூன்று வழி. சில வருடங்களுக்கு முன்புவரை பெங்களூரில் காரில் போகிறவர்களின் விஷயம் இது. இன்றைக்கு ஓசூர்ப் பக்கத்துப் பெண்களின் கைப்பேசியில் தினமும் விளம்பரம் வருகிறது. பண்டிகைத் தள்ளுபடி வேறு.

ஓர் அரசு உத்தரவிலிருந்து தொடங்குகிறேன். 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வி.எல்.சி.சி. நிறுவனத்துக்கு 3 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. கூல்ஸ்கல்ப்டிங் என்ற குளிர் எந்திரத்தை வைத்துச் செய்யும் சிகிச்சையைப் பற்றிய விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்பது குற்றச்சாட்டு. ஒரே சிட்டிங்கில் 600 கிராம் வரை, 7 சென்டிமீட்டர் வரை குறையும் என்ற மாதிரி விளம்பரம் செய்திருந்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்த எந்திரம் என்ற பெருமையும் சேர்ந்திருந்தது. ஒப்புதல் இருப்பது உண்மைதான். எதற்கு ஒப்புதல் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. வயிறு, இடுப்பின் பக்கங்கள், தொடை, மேல்கை, தாடையின் அடிப்பகுதி என்று குறிப்பிட்ட சில இடங்களில் துருத்திக்கொண்டிருக்கும் கொழுப்பைக் கொஞ்சம் குறைக்க, அதுவும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 30 அல்லது அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு. எடை குறைப்பதற்கு அல்ல. அந்த உத்தரவில் ஆணையம் இன்னொன்றையும் எடுத்துச் சொன்னது: எந்திரத்தின் உற்பத்தியாளர் எப்.டி.ஏ.விடம் கொடுத்த ஆய்வில் இருந்தவர்கள் 57 பேர். அதில் இந்தியர் ஒருவரும் இல்லை, ஆசியர் ஒருவரும் இல்லை. இதற்கு முன்னால் காயா நிறுவனத்துக்கும் இதே மாதிரி விளம்பரத்துக்காக இதே அபராதம். மூன்று லட்சம் என்பது அந்த நிறுவனங்களுக்கு எத்தனை வாடிக்கையாளரின் பில் என்று வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதைச் சொன்னதும் எந்திரமே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். எந்திரம் பொய் இல்லை. அது பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1970-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் கைக்குழந்தை ஒன்றைப் பற்றிய குறிப்பு வந்தது. கன்னம் சிவந்து, கட்டிதட்டிப் போயிருந்தது. காரணம் தேடினால், குழந்தை குச்சி ஐஸைக் கன்னத்தில் அடக்கிச் சப்பியிருக்கிறது. தோல் தப்பித்துக்கொண்டது, அதன் அடியில் இருந்த கொழுப்புதான் குளிரில் அடிபட்டிருந்தது. இந்த மாதிரிப் பழைய குறிப்புகளை மனதில் வைத்துக்கொண்டு, பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் பன்றிகளிடம் சோதித்துப் பார்த்து 2008-இல் கட்டுரை வெளியிட்டார்கள். தோலைக் கெடுக்காமல் கொழுப்பை மட்டும் குளிரால் கொல்ல முடிகிறது என்றார்கள். 2010-இல் இடுப்பின் பக்கச் சதைக்கு எப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. வயிற்றுக்கு 2012-இல். 2017-இல் அந்த எந்திரத்தைச் செய்த செல்டிக் நிறுவனத்தை அலர்கன் நிறுவனம் இருநூற்று நாற்பது கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. குச்சி ஐஸ் எங்கே போய் நின்றது பாருங்கள்.

அது எப்படி வேலை செய்கிறது? மார்கழியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காலையில் எழுந்து பார்த்தால் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைந்திருக்கும். பக்கத்தில் சொம்பில் இருக்கும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். தோலிலும் தசையிலும் தண்ணீர் அதிகம், கொழுப்பணுவில் எண்ணெய் அதிகம். சரியான அளவுக்குக் குளிரவைத்தால் கொழுப்பணு மட்டும் அடிபடும். அன்றைக்கே சாகாது. சில நாளில் தானாகச் சாகத் தொடங்கும். உடம்பின் துப்புரவு அணுக்கள் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போக இரண்டு, மூன்று மாதம் ஆகும். ஆகவே ஒரே மணி நேரத்தில் உடுப்பின் சைஸ் இறங்கும் என்று யாராவது சொன்னால், அவர் தையற்காரராக இருக்க வேண்டும்.

சிட்டிங் என்கிறார்களே, அது எப்படி இருக்கும் என்று பலருக்குத் தெரிவதில்லை. நிற்கவைத்துப் பேனாவால் இடுப்பில் கோடு போடுவார்கள். படுக்கவைத்து, தோல் கருகாமல் இருக்க ஜெல் தடவிய ஈரத்துணி ஒன்றை விரிப்பார்கள். அதன்மேல் ஒரு கப். அது சதையைக் காற்றால் உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குளிர்த் தகடு பூஜ்யத்துக்கும் கீழே பத்து, பதினோரு டிகிரி. முதல் ஐந்து பத்து நிமிடம் சுருக்கென்று இழுக்கும், குத்தும், பிறகு மரத்துப்போகும். முப்பத்தைந்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை கைப்பேசி பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம். கப்பை எடுத்ததும் சதை கப்பின் வடிவத்திலேயே கட்டியாக நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து அழுதவர்கள் உண்டு. இரண்டு நிமிடம் அழுத்திப் பிசைவார்கள்; குளிரைவிட அதுதான் வலி என்பார்கள். அப்புறம் சில நாள் சிவப்பு, வீக்கம், கன்றிய நிறம். மரப்பு சில வாரம் இருக்கும்.

பலன்? செய்த இடத்தில் கொழுப்பு அடுக்கின் தடிமன் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, நன்றாக அமைந்தால் நாலில் ஒரு பங்கு குறையும். கிள்ளிப் பிடித்தால் நாலு சென்டிமீட்டர் வருகிற இடத்தில் மூன்று சென்டிமீட்டர் வரும். எடை எந்திரத்தில் ஏறி நின்றால் முள் அசைந்ததா என்றே தெரியாது. புடவை கட்டும்போது உங்களுக்குத் தெரியலாம், பக்கத்து வீட்டம்மாவுக்குத் தெரிவது சந்தேகம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். கிள்ளினால் கையில் வருகிற கொழுப்பு ஒன்று. கிள்ளினால் வராத கொழுப்பு இன்னொன்று. முதலாவது தோலுக்கு அடியில் இருக்கிறது. இரண்டாவது வயிற்றுத் தசைச் சுவருக்கு உள்ளே, குடலையும் ஈரலையும் சுற்றி இருக்கிறது. அழகைக் கெடுப்பதாக நாம் நினைப்பது முதலாவதை. சர்க்கரை, இரத்த அழுத்தம், மாரடைப்பு என்று ஆளைக் கெடுப்பது பெரும்பாலும் இரண்டாவது. குளிர் எந்திரத்தின் கப் பிடிப்பது முதலாவதை மட்டுமே. உள்ளே இருப்பதை எந்தக் கப்பும் தொடாது.

இதை யாராவது சோதித்தார்களா என்று கேட்கலாம். சோதித்தார்கள். அமெரிக்காவில் சாமுவேல் கிளைன் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு. பருமனான 15 பெண்களுக்கு, எந்திரம் இல்லை, அறுவை முறையிலேயே, லைபோசக்‌ஷன் செய்து வயிற்றிலிருந்து ஏறக்குறைய பத்து கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். பத்து கிலோ! இரண்டரை மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இன்சுலின் வேலை செய்யும் விதத்தில் முன்னேற்றம் இல்லை, இரத்த அழுத்தம் அப்படியே, இரத்தக் கொழுப்பும் அப்படியே. பத்து கிலோ எடுத்தே ஒன்றும் ஆகவில்லை என்றால், ஒரு சென்டிமீட்டர் குறைத்துச் சர்க்கரை வராமல் தடுப்பதாவது? ஆகவே இந்தச் சிகிச்சையை அழகுக்காகச் செய்துகொள்கிறேன் என்று சொல்லுங்கள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். உடம்பு நல்லா இருக்கணும்னு செய்யறேன் டாக்டர் என்று சொன்னால், காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

நம் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் என்ற நண்பரோடு சேர்ந்து 2004-இல் லான்செட் இதழில் ஒரே பக்கத்தில் ஒரு படம் போட்டார். இருவரும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. பார்த்தால் இருவரும் ஒல்லி. உடம்பில் கொழுப்பின் அளவு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் நிற்கும் உடம்பு நமக்கு. இதனால்தான் உலகத்துக்கு 30 என்றால், இந்தியருக்கு பி.எம்.ஐ. 25 தாண்டினாலே பருமன் என்று கணக்கு வைத்திருக்கிறோம். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர். வீட்டில் தையல் டேப் இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேட்டுக்கும் நடுவில் வைத்து, மூச்சை விட்டபிறகு அளந்து பாருங்கள். வயிற்றை எக்கிக்கொண்டு அளக்காதீர்கள், ஆண்களுக்குத்தான் சொல்கிறேன்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது பருமன். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 30.9. ஆண்கள் 37. நம் மாவட்டத்தில், சூளகிரிக்கு அருகே சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. பெண் தன்னார்வலர்கள் வாசலுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். காசு கேட்பதில்லை. அந்தப் பெண்கள் கதவைத் தட்டினால் இப்போ வேலையா இருக்கேன் என்று அனுப்பிவிட்டு, தவணை போட்டு இடுப்பைக் குளிரவைக்கப் பெங்களூர் போகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வருத்தம் உண்டு.

நைட் ஷிப்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாரா வாரம் ஷிப்ட் மாறி, பகலில் தகரக் கூரைக்குக் கீழே தூங்காமல் புரண்டு, விடியற்காலை டீயும் பன்னுமாகச் சாப்பிட்டால் வயிறு வைக்காமல் என்ன செய்யும்? தூக்கம் கெட்டால் பசி கூடும் என்பது மருத்துவம் நன்றாக அறிந்த செய்தி. அந்த வயிற்றைச் சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர் ஒரு வாரம் அந்த ஷிப்டுக்குப் போய்விட்டு வந்து பேசட்டும்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். முப்பது வயது இருக்காது, இரண்டு குழந்தைகள். "டாக்டரம்மா, ராத்திரி சோறே இல்ல, களியும் விட்டுட்டேன். கை கால் எல்லாம் இளைச்சுப் போச்சு. இது மட்டும் போகமாட்டேங்குது" என்று வயிற்றைக் காட்டினார். கையில் கைப்பேசி, அதில் ஒரு சலுகை, மாதத் தவணையோடு. மல்லாந்து படுக்கச் சொன்னேன். முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்கச் சொன்னேன். தொப்புளுக்கு மேலே நட்ட நடுவில் ஒரு மேடு எழும்பி நின்றது. அங்கே என் விரல்களை வைத்தால் இரண்டு விரல் அப்படியே உள்ளே இறங்கின. அது கொழுப்பு இல்லை. கர்ப்பத்தில் வயிற்றுத் தசைகள் இரண்டு பக்கமும் விலகிப் போயிருந்தன. பிரசவத்துக்குப் பிறகு திரும்பி வந்து சேரவில்லை. இது ரொம்பச் சாதாரணம். ஆனால் யாரும் சொல்வதில்லை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணினதால் வயிறு போட்டுவிட்டது என்பார்கள், துணி கட்டாததால் என்பார்கள், மாமியார் பேரைச் சொல்வார்கள்.

"அப்ப அந்த ஐஸ் மெஷினு?"

"அது கொழுப்பைத்தானேம்மா தேடும்? உனக்கு அங்கே கொழுப்பு கொஞ்சம்தான். சதை விலகியிருக்கு. அதுக்கு முறையா உடற்பயிற்சி சொல்லித் தரணும். பிசியோதெரபி டாக்டர்கிட்ட எழுதித் தரேன்."

அவருக்கு நிம்மதியா, ஏமாற்றமா என்று முகத்தில் தெரியவில்லை. மூன்றே மாதத்தில் போய்விடும் என்று அந்த விளம்பரம் சொல்லியிருந்தது. நான் ஒரு வருடம் பயிற்சி செய்யச் சொன்னேன். யாருக்குத்தான் பிடிக்கும்?

இன்னும் சிலருக்கு இருமினால் தொப்புள் பக்கம் பிதுங்கும். அது குடலிறக்கம். அந்த வயிற்றில் காற்றால் இழுக்கும் கப்பை வைக்கவே கூடாது. குளிரில் விரல் நீலமாகிறவர்கள், குளிர் பட்டால் இரத்தத்தில் சில புரதங்கள் உறைகிற அரிய நோய் உள்ளவர்கள், இவர்களுக்கும் ஆகாது. தொடுவதற்கு முன்னால் இதையெல்லாம் கேட்கிற ஆள் மருத்துவராகத்தான் இருக்க முடியும்.

விபரீதம் என்ன என்று பார்ப்போம். லிண்டா எவாஞ்சலிஸ்டா என்ற உலகப் புகழ் பெற்ற மாடல் அழகி 2021 செப்டம்பரில் ஓர் அறிக்கை விட்டார். சில வருடங்களுக்கு முன் குளிர் சிகிச்சை செய்துகொண்டேன், குறைய வேண்டிய இடங்களில் கொழுப்பு குறையாமல் வளர்ந்து கெட்டித்துவிட்டது, வெளியே தலைகாட்ட முடியாமல் முடங்கிப்போனேன் என்றார். ஐந்து கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டு, 2022-இல் சமரசம் ஆனது. இந்த எதிர்விளைவை மருத்துவ இதழ்கள் 2014-லேயே பதிவு செய்துவிட்டன. குளிர் பட்ட இடத்தில், சில மாதம் கழித்து, கப்பின் அச்சிலேயே வலியில்லாத கெட்டியான வீக்கம் வளரும். தானாகப் போகாது, கடைசியில் அறுவைதான். கத்திக்குப் பயந்து போனவர் கத்தியிடமே வந்து சேர்வார். அரிதானதுதான். ஆனால் உற்பத்தியாளர் முதலில் சொன்னதைவிட அதிகமாகவே வருகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆண்களுக்குக் கொஞ்சம் கூடுதல்.

சூடாக்கும் எந்திரங்கள், லேசர், அல்ட்ராசவுண்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பலன் அதே அளவு அல்லது குறைவு. கை தவறினால் தீப்புண்.

ஊசிதான் எனக்குப் பயம். பித்தநீரில் இருக்கும் டியாக்சிகோலிக் அமிலம் கொழுப்பணுவின் சுவரை உடைக்கும். அதை 2015-இல் எப்.டி.ஏ. தாடைக்கு அடியில் மட்டும் போட ஒப்புக்கொண்டது. நரம்பு பக்கத்தில் போனால் சிரிப்பு கோணும், விழுங்கச் சிரமமாகும் என்ற எச்சரிக்கையோடு. இங்கே அழகு நிலையங்களில், லேபிளைக் காட்டாத புட்டியிலிருந்து எடுத்து வயிறு முழுக்கக் குத்துகிறார்கள். சீழ் பிடித்தும் தோல் அழுகியும் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2025-இல் இந்தியாவுக்கு வந்த மவுஞ்சாரோ, வெகோவி ஊசிகளையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை பசியைக் குறைத்து முழு உடம்பின் எடையையும் இறக்கும் மருந்துகள், மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடக்கூடாதவை.

2022 மே மாதம் பெங்களூரில் சேதனா ராஜ் என்ற கன்னடச் சின்னத்திரை நடிகை, 21 வயதுப் பெண், கொழுப்பை எடுக்கும் அறுவைக்குப் போன அன்றே இறந்துபோனார். வீட்டில் சொல்லாமல் போயிருக்கிறார். அது அறுவை, நான் பேசுவது அறுவை இல்லாதது. இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் சொல்லாமல் போவது என்பது இரண்டிலும் இருக்கிறது. வீட்டில் சொன்னால் திட்டுவார்கள், கேலி செய்வார்கள் என்று தனியாகப் போகிறார்கள். கூட ஓர் ஆள் இருந்தால் கேட்கும் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. வீட்டிலுள்ள பெரியவர்களுக்குச் சொல்கிறேன்: பிள்ளை ஆசைப்படுவதைக் கேலி செய்யாதீர்கள். கேலி செய்தால் ஆசை போகாது, உங்களிடம் சொல்வதுதான் போகும்.

அழகு ஆசையை நான் மட்டமாக நினைப்பவள் அல்ல. பூசினாற்போல இருக்கிறாள் என்று பெண் பார்க்க வந்தவர்கள் புகழ்ந்த காலம் ஒன்று இருந்தது. வயிற்றில் விழும் மூன்று மடிப்பை அழகென்று நம் பழைய புலவர்கள் பாடி வைத்திருக்கிறார்கள். அதே மடிப்பைத்தான் இன்றைக்குக் காசு கொடுத்துக் கப்புக்குள் வைக்கிறோம். அதனால் எது அழகு என்ற தீர்ப்பை நான் சொல்லப் போவதில்லை. சொந்தச் சம்பளம், சொந்த உடம்பு.

செய்வதென்று முடிவு செய்துவிட்டால் இவ்வளவையும் செய்யுங்கள். முதலில் மருத்துவர் யார் என்று கேளுங்கள். வெள்ளைக் கோட்டு போட்ட கவுன்சிலர் மருத்துவர் இல்லை. மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் கிளினிக் என்றால் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவுச் சான்று வேண்டும். சுவரில் இருக்கிறதா பாருங்கள். எந்திரத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் ஒரு பெயர், அறைக்குள் வேறு எந்திரம் என்பது நடக்கிற சங்கதி, நகல் எந்திரத்தில் தோல் கருகுகிறது. பெயர் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம். அன்றைக்கே பணம் கட்டினால் பாதி விலை என்றால் அன்றைக்கே கட்டாதீர்கள். நாலு சிட்டிங் பேக்கேஜ் ஒரேயடியாக வாங்காதீர்கள். ஒன்று செய்து மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள். படம் எடுக்கும்போது முன்னும் பின்னும் ஒரே வெளிச்சத்தில், ஒரே மாதிரி நின்று எடுக்கச் சொல்லுங்கள். வயிற்றை எக்கி நிற்கச் சொல்லி எடுத்தால் சிரித்துவிடுங்கள்.

உடல் பருமனைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. இருந்தும் பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் நோட்டீஸ்தான். ஆகவே சட்டம் காப்பாற்றும் என்று சும்மா இருக்க முடியாது. பில் வாங்குங்கள். கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தின் நகலை வாங்குங்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஏதாவது ஆனால் முதலில் காணாமல் போவது அதுதான். புண்ணோ வீக்கமோ வந்தால் செய்த இடத்திலேயே சமாதானம் கேட்டுக்கொண்டு இருக்காமல், கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ வேறொரு தோல் மருத்துவரிடமோ போய் எழுத்தில் வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதி அனுப்புங்கள், பெயர் போட வேண்டாம். கடைசி பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் கேளுங்கள்.